தாகத்தைப் பழக்கும் மகனுக்கு

அன்புள்ள தேவா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எப்போதும் உன் கடிதத்தை முதலில் நான் படிப்பேன், பிறகு உன் அப்பாவிடம் கொடுப்பேன், சாயங்காலம் சாமி மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். இந்த முறை மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி மடித்து வைத்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தேன், தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். நான் பெற்ற பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்து எனக்கு அருவருப்பு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கோபம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். கோபம் இரண்டு நாளில் அடங்கிவிடும். இது நாலு நாளாக நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

நீ எழுதியதை இங்கே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுகிறேன். ஒரு பிரதி உனக்கு. இன்னொன்று உன் கிளப் முகவரிக்கு, உறுப்பினர்கள் எல்லாருக்கும் என்று மேலே எழுதிப் போகிறது. வேலூர் ஒர்க்‌ஷாப்பில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து சைக்கிள் கிளப் தொடங்கியிருக்கிறீர்கள், நீ கேப்டன். கத்திரி வெயில் தொடங்கும் வாரத்தில் வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை போய்த் திரும்பும் பந்தயம். புறப்பட்டதிலிருந்து வந்து சேரும்வரை யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது, உடம்பில் ஊற்றிக்கொள்ளவும் கூடாது. அதற்காக இப்போதே தாகத்தைப் பழக்குகிறீர்கள். போன வாரம் ராஜு என்பவர் ஆம்பூர் பக்கம் சைக்கிளிலிருந்து இறங்கி வாந்தி எடுத்தாராம், நீ பக்கத்தில் நின்று வாய் கொப்பளிக்கக்கூட விடவில்லையாம். பத்து நிமிஷத்தில் எழுந்து ஓட்டினாராம். அதற்குக் கீழேதான் அந்த வரி இருந்தது. 'ராஜுவுக்கு இப்போது வேர்வைகூட அடங்கிவிட்டது, நன்றாகப் பழகிவிட்டான்.' அந்த இடத்தில்தான் மடித்தேன்.

பிறகு மிச்சத்தையும் படித்தேன். அப்பாவின் பழைய மெரூன் ஜெர்சியைப் பார்சலில் அனுப்பச் சொல்கிறாய், அதே மாதிரி பன்னிரண்டு தைக்கப்போகிறீர்கள். அனுப்ப மாட்டேன். அந்த ஜெர்சி முழுக்கை வைத்த கம்பளி, உனக்கே தெரியும். பெங்களூர்க் கன்டோன்மென்டில் இருந்த வெள்ளைக்காரச் சோல்ஜர்கள் தங்கள் பனி ஊரில் போட்டுக்கொண்டு ஓட்டியதைப் பார்த்து நம் ஆட்கள் தைத்துக்கொண்டது. அவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். நம் ஆட்கள் சித்திரை மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு, உச்சந்தலையிலும் முதுகிலும் தொடையிலும் விளக்கெண்ணெயை அப்பிக்கொண்டு, குளிர்ச்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். எண்ணெயும் வேர்வையும் கம்பளியும் சேர்ந்த அந்த நாற்றத்தை எத்தனை வருஷம் என் கையால் அலசியிருக்கிறேன். உனக்கு அது வீரத்தின் வாசனை. ஊறப்போட்ட பக்கெட்டில் மேலே மிதக்கும் பிசுக்கை நீ பார்த்ததில்லை.

தண்ணீர்ப் பானையைப் பூட்டுவதைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். லிங்கராஜபுரத்தில் உன் அப்பா கேப்டனாக இருந்த கிளப்பில் அது வழக்கம். பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து, ஓட்டுகிறவர் வீட்டுப் பெண் சமையலறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும். பயிற்சி முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் கழித்து ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். கேட்டாலும் கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாது. யார் வீட்டில் பூட்டு கெட்டி என்று ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று பெண்கள் பேசிச் சிரிப்போம். நானும் சிரித்தேன். அப்போது நான் கன்டோன்மென்டில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். எட்டாம் வகுப்புக்கு ஆவியாதல் பாடம் எடுப்பேன். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று கேட்பேன். தெர்மாமீட்டர் முனையில் ஈரத்துணியைச் சுற்றி, அட்டையால் விசிறி, பாதரசம் இறங்குவதைக் காட்டுவேன். வேர்வையும் இதே வேலையைத்தான் செய்கிறது, உடம்பு ஒரு மண்பானை என்று கரும்பலகையில் எழுதுவேன். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து பானையைப் பூட்டுவேன். இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி இருந்தன என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் புரியவில்லை. காலேஜில் படித்தது பள்ளிக்கூடத்துக்கு, வீட்டுக்கு வேறு சட்டம் என்று வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

என் தம்பி சாமுவேல், உன் சாமி மாமா, அப்போது நம் வீட்டில்தான் இருந்தான். இருபத்து நாலு வயசு. ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கி அடுக்குகிற வேகத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்து நிற்பார்களாம். சைக்கிளில் அவனுக்குப் பெரிய ஆசை கிடையாது. அத்தான் கேப்டன், மைத்துனன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்குமா என்றுதான் சேர்ந்தான். நீ இரண்டு சாமி மாமாக்களை அறிந்து வளர்ந்தவன். ஒருவர் கிளப் சுவரில் மாலை போட்ட படத்தில் இருப்பவர், கடைசிவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் ஓட்டி விழுந்த வீரர். இன்னொருவர் நம் வீட்டுப் பின்னறையில் இருப்பவர். சுவரைப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி அகட்டி நடப்பவர், வார்த்தை குழறுபவர், தெருவில் எல்லாரும் குடிகாரர் என்று சொல்பவர். வீரராக இருந்தவர் குடித்துக் கெட்டார் என்று நீயே இரண்டையும் சேர்த்துக்கொண்டாய். பத்து வயசில் விருந்தாளிகள் முன்னால் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவனைப் போல நடந்து காட்டினாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் உன்னை அறைந்தேன். ஏன் அறைந்தேன் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன் மாமா வாழ்க்கையில் ஒருநாளும் சாராயத்தைத் தொட்டதில்லை. அவனை அப்படி நடக்க வைத்தது நீ இப்போது வேலூரில் நடத்தப்போகிற அதே பந்தயம், அதே சட்டம். அந்தச் சட்டத்தை அன்றைக்கு அவன்மேல் செலுத்தியது நான்.

ஈஸ்டர் முடிந்த மறுவாரம், சனிக்கிழமை. விடியும் முன்பே அடுகோடியில் புறப்பட்டு, ஓசூர் ரோட்டில் கிருஷ்ணகிரி வரை போய்த் திரும்ப வேண்டும். ஓசூர் வரை நம் ஊர்க் காற்றுதான். அதைத் தாண்டி இறங்க இறங்க வெயில் வேறு. பெங்களூரில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அது அடுப்புக்குள் தலையை விடுவது மாதிரி. அதற்கு உடம்பு பழக இரண்டு வாரமாவது ஆகும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, குடித்துக்கொண்டே. நாங்கள் பழக்கியது தாகத்தை மட்டும். சூளகிரியில் ஒரு புளியமரத்தடியில் எனக்கு வேலை. வருகிறவர் நம்பரையும் நேரத்தையும் நோட்டில் எழுதுவது, யாரும் எதையும் குடிக்காமல் பார்த்துக்கொள்வது. படித்தவள் என்பதால் எனக்கு அந்த மரியாதை. கூட கிளப் செக்ரட்டரி எபி. எங்களுக்கும், எங்களை ஏற்றி வந்த லாரியின் ரேடியேட்டருக்கும் என்று இரண்டு பெரிய பானைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தோம். இதைத் திரும்ப ஒருமுறை படி, தேவா. லாரிக்குத் தண்ணீர் இருந்தது. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இருந்தது. உடம்போடு ஒட்டிய கம்பளிக்குள் நூறு மைல் மிதிக்கிறவர்களுக்கு இல்லை.

போகும்போது சாமி கையசைத்துவிட்டுப் போனான். திரும்பி வரும்போது பதினோரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. ஐந்தாவதாக வந்தான். சைக்கிள் நேராக வரவில்லை, ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வந்தது. மரத்தடியில் காலை ஊன்றி நின்றான். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது, ஆனால் காய்ந்திருந்தது. ஜெர்சியில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடு. அவன் முகத்தைப் பார்த்த எபி சந்தோஷமாக, "பாருங்க டீச்சரம்மா, ஒரு சொட்டு வேர்வை இல்ல. பையன் பழகிட்டான்" என்றார். கிளப்பில் அதுதான் நம்பிக்கை. வேர்வை அடங்கியவன் தாகத்தை ஜெயித்தவன். நானும் நோட்டில் அவன் நம்பருக்கு நேரே ஒரு டிக் போட்டேன். வேர்வை நின்றால் பானை குளிர்வது நின்றுவிட்டது என்று ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

சாமி என்னைப் பார்த்தான். நான் அப்போதுதான் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்திருந்தேன், என் உதடு ஈரமாக இருந்தது. அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுக்கா" என்றான். சுவரில் இருக்கிற படத்துக்குக் கீழே எழுதியிருப்பது பொய். அவன் கேட்டான். என்னிடம் கேட்டான். பானை என் காலடியில் இருந்தது. நான் குனியக்கூட வேண்டியதில்லை, கையை நீட்டியிருந்தால் போதும். எபி சிரித்துக்கொண்டே, "என்னா டீச்சரம்மா, தம்பின்னா ரூல் வேறயா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. கேப்டன் பெண்டாட்டி தன் தம்பிக்கு மட்டும் கொடுத்தாள் என்று கோயில் வாசலில் பேசுவார்கள் என்று தோன்றியது. அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. "ஓசூர் தாண்டினா காத்து குளிரும்டா, போ. கெடுத்துக்காதே" என்றேன். அவன் சரி என்று தலையாட்டினான். என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஓசூருக்கு நாலு மைல் இருக்கும்போது ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்து கிடந்தான், பின்னால் சைக்கிளில் வந்தவர்கள் கவனிக்கவில்லை. கடைசி ஆள் போனபின் லாரியில் ஏறி வந்த நாங்கள்தான் கண்டோம். கை கால் வெட்டி இழுத்தது, பல் கிட்டியிருந்தது. தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல். லாரியில் வந்தவர்களில் யாரோ தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார்கள். சூட்டு உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும், உடம்பு உதறுவதே குளிர்தான் என்று எபி சொன்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். லாரியில் இருந்த கம்பளியை எடுத்து அவனைச் சுற்றினோம். முன்சீட்டில், எஞ்சின் பக்கத்தில், காற்றுப் படாமல் கண்ணாடியை ஏற்றி வைத்து உட்காரவைத்தோம். கம்பளியின் ஓரத்தை அவன் தாடைக்குக் கீழே நான்தான் செருகினேன், சின்ன வயசில் தூங்கவைக்கும்போது செருகியது போல. பெங்களூர் வருகிறவரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன். பின்னால் தண்ணீர்ப் பானைகள் தளும்பும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு வயதான நர்ஸ் கம்பளியை இழுத்து மூலையில் எறிந்தார். ஜெர்சியைக் கத்தரியால் வெட்டினார். ஐஸ் கொண்டுவரச் சொல்லி, ஈரத்துணியைப் போட்டு, இரண்டு பேரை விசிறச் சொன்னார். என் தெர்மாமீட்டரும் ஈரத்துணியும் அட்டையும் என் கண்முன்னால் ஒரு கட்டிலில் நடந்துகொண்டிருந்தன. கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததும் திரும்பி, இந்தக் கம்பளியைச் சுத்தினது யார் என்று கேட்டார். நான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடி, கைக்கடிகாரம், மடித்த நோட்டு. "பாத்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க" என்றார். சொல்லிவிட்டு மறுபடி கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினாலு வருஷமாக அந்தக் குரல் என்னோடு இருக்கிறது.

உயிர் பிழைத்தான். மூன்று வாரம் கழித்து எழுந்து நின்றபோது கால் அவன் சொன்னபடி கேட்கவில்லை. நாக்கு தடித்துவிட்டது. கை நடுக்கம் நிற்கவில்லை, கம்பாசிட்டர் வேலை அதோடு போயிற்று. மூளையில் நடையையும் பேச்சையும் நிதானப்படுத்துகிற இடம் சூட்டில் வெந்துவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அவனுக்கு அடுகோடியில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தோம். பெண்ணின் அப்பா பார்க்க வந்தார். சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, வணக்கம் சொல்ல முயன்று குழறினான். அவன் உள்ளே போனபின் அவர் உன் அப்பாவிடம் குரலைத் தாழ்த்தி, "சாராயம் கீராயம் உண்டா?" என்று கேட்டார். நான் காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இல்லை என்றால் பின்னே என்ன என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் கிளப் போகும், கேப்டன் பதவி போகும், லாரி கொடுத்த முதலாளிக்குச் சங்கடம். உன் அப்பா, "வாலிப வயசு, சரியாயிடும்" என்றார். பெண்ணின் அப்பா காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். நான் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அன்று சாயங்காலத்திலிருந்து உன் மாமா குடிகாரன். பாஸ்டர்கூட அவனுக்காகத் தனியாக ஜெபம் பண்ணினார். அவன் பின்பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை, பேசினாலும் குழறும், குழறினால் பாருங்கள் என்பார்கள்.

அடுத்த வருஷம் அதே பந்தயம் அதே சட்டத்தோடு நடந்தது. உயிரோடு இருக்கிற சாமியின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு ஆரம்பித்தார்கள். உன் அப்பாதான் கொடி அசைத்தார். அவரைக் கல்நெஞ்சர் என்று நான் எழுதினால் அது முழு உண்மையாகாது. இந்தப் பதினாலு வருஷமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமாவுக்குச் சவரம் செய்துவிடுவது அவர்தான், நீ பார்த்திருக்கிறாய். நடுங்குகிற தாடையை இடது கையில் ஏந்திக்கொண்டு, ஒரு கீறல் விழாமல், ஒரு வார்த்தை பேசாமல். அதைப் பார்த்து முன்பெல்லாம் எனக்கு மனசு இளகும். இப்போது அதுவும் பிடிக்கவில்லை. கத்தியைப் பிடிக்க முடிகிற மனுஷனுக்கு, நான் தப்புப் பண்ணிட்டேன்டா சாமி என்று சொல்ல முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. அவனுக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்துக் கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

சாமி விழுந்த அந்த வருஷம் கோடையில் ஜீவனஹள்ளிப் பக்கம் தார் ரோடு போட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது தினமும் பார்ப்பேன். காய்ச்சின தாருக்குப் பக்கத்தில், ஜல்லிக்கூடை தூக்கும் பெண்கள். தலையில் நனைத்த துணி. மணிக்கு ஒருதரம் வேலையை நிறுத்தி, நீர்க்க ஆக்கிய ராகிக் கூழில் உப்புப் போட்டு ஆளுக்கு ஒரு சொம்பு குடித்தார்கள். ஒருநாள் ஒரு அம்மாளிடம், அவ்வளவு தாகமா என்று கேட்டேன். "தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும்மா. எடுத்தப்புறம் குடிச்சா வேலைக்கு ஆவாது. உப்பு போடலன்னா காலு இழுத்துக்கும்" என்றாள். கொஞ்சம் நின்று, "சும்னே நிக்கறவங்களுக்குத் தெரியாது" என்று, சும்மா என்பதைக் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தாள். கூலிக்கு வெயிலில் நிற்கிற ஒருத்தியும் செய்யாத காரியத்தை, வேடிக்கைக்கு வெயிலில் போகிற நாம் வீரம் என்று செய்தோம். அவளை யாரும் பலவீனமானவள் என்று சொல்லவில்லை. மறுநாளும் அவள் வேலைக்கு வந்தாள்.

ஆகவே, கேப்டன், உன் ஆட்களிடம் இதைச் சொல். முடிந்தால் பந்தயத்தைக் கத்திரி முடிந்தபின் வையுங்கள். முடியாது என்றால் இருட்டில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் முடியுங்கள், பாதி தூரம் போதும். கம்பளி வேண்டாம், மெல்லிய பருத்தி பனியன் போதும், வெள்ளையாக இருந்தால் நல்லது. உடம்பில் எண்ணெய் பூசாதீர்கள், வேர்வை வெளியே வந்து காயத்தான் கடவுள் தோலை வைத்திருக்கிறார். ஐந்தாறு மைலுக்கு ஒருதரம் நிறுத்தி, உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கழுத்தில் ஈரத்துணி கட்டுங்கள், காற்றுப் பட்டால் அதுவே குளிர்ச்சி. ஒருவன் உளறினாலோ, நேராக ஓட்ட முடியாமல் போனாலோ, வெயிலில் நின்றும் தோல் காய்ந்திருந்தாலோ அவன் பழகிவிட்டான் என்று கைதட்டாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, உடுப்பைக் கழற்றி, தலை முதல் கால் வரை நனைத்து விசிறுங்கள், விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உதறினாலும் போர்த்தாதீர்கள். ராஜுவை நாளைக்கே ஒரு டாக்டரிடம் காட்டு, அவரை இந்தப் பந்தயத்தில் விடாதே. வாந்தி எடுத்த ஒரு மனுஷன் பக்கத்தில் நின்று அவனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தராத கை என் வீட்டில் சோறு தின்ற கை என்று நினைக்க எனக்குக் கூசுகிறது. அதை எங்கிருந்து கற்றாய் என்று எனக்குத் தெரியும் என்பதால் இன்னும் கூசுகிறது.

இந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பழசைக் கிளறிப் பேஜார் பண்ணாதே. பையன் நாலு பேருக்கு முன்னாடி கேப்டனா நிக்கறான்" என்றார். கிளப் முகவரிக்கும் ஒரு பிரதி போகிறது என்றேன். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இன்னும் என்னோடு பேசவில்லை.

பிறகு பின்னறைக்குப் போய் உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்தேன், ராஜுவின் வரி உட்பட. நான் எழுதப்போவதையும் சொன்னேன். சூளகிரியில் நான் செய்ததை முதல்முறையாக அவனிடம் வாய்விட்டுச் சொன்னேன். தெரியும் என்பது போலக் கையசைத்தான். தன்னைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்வார்கள், அதற்குச் சம்மதமா என்று அவனிடம் கேட்டேன். அவனுக்கு ஒரு வாக்கியம் கோர்க்க நேரமாகும், நான் காத்திருந்தேன். "காயிதம்... படிக்க மாட்டானுங்க" என்றான். மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் வரேன். நடந்து காட்டுறேன்" என்றான்.

அதனால் வருகிற சனிக்கிழமை நானும் அவனும் காட்பாடிக்கு ரயிலில் வருகிறோம். பள்ளியில் லீவு சொல்லிவிட்டேன். மத்தியானம் வந்து சேரும். உன் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரு இடத்தில் கூட்டி வை, மாமா பேசவேண்டியதில்லை, அவர்கள் முன்னால் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் போதும். நீ ஸ்டேஷனுக்கு வரும்போது தனியாக வராதே, ராஜுவைக் கூட்டிக்கொண்டு வா. ரயில் படியிலிருந்து இறங்க மாமாவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு கையை நீ பிடித்துக்கொள், இன்னொரு கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும்.

அம்மா